தெரிஞ்சுதான் தொறந்தேன்

வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்ததும் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை வெளியே போகச் சொன்னார்கள். செம்மல் அம்மாவின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டி வந்தான். இன்னாசியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள். தீக்காய வார்டின் சன்னல் பாதி திறந்திருந்தது. அவன் அதை விட்டு நகரவில்லை.

"உங்க பேரு?"

"சவரியப்பன்ங்க."

"என்ன வேலை?"

"ரைஸ்மில்லுல பாய்லர் ஆபரேட்டர். இருபத்தாறு வருசமா."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுபட்டது. தீ மேலே மட்டும் படவில்லை, நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"எப்படி நடந்துச்சு?"

"அடுப்புக் கதவைத் தொறந்தேன். தீ வெளிய அடிச்சிருச்சு."

"ஃபேன் நின்னு போச்சுன்னு சொல்றாங்களே. அது உங்களுக்குத் தெரியாதா?"



"தெரியும்ங்க. தெரிஞ்சுதான் தொறந்தேன். யாரு மேலயும் தப்பில்லங்க."

செம்மல் சன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தான். அப்பா பொய் சொல்கிறார்.

அந்த பாய்லருக்கு இரண்டு ஃபேன்கள். ஒன்று கீழிருந்து அடுப்புக்குள் காற்றைத் தள்ளும். உமி எரிவது அந்தக் காற்றில்தான். இன்னொன்று எரிந்த புகையை இழுத்துச் சிம்னி வழியாக மேலே அனுப்பும். தள்ளுவதைவிட இழுப்பது எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும். அப்போதுதான் தீ அடுப்புக்குள் அடங்கிக் கிடக்கும். இழுக்கும் ஃபேன் நின்றால், அந்த நொடியே தள்ளும் ஃபேனும் தானாக நிற்கும்படி வயரிங் செய்திருக்கும். அப்படி நிற்காவிட்டால், போக வழியில்லாத தீ கதவுப் பக்கம் வரும். தள்ளும் ஃபேனின் சத்தம் கேட்கிறவரை இரண்டும் ஓடுவதாகத்தான் ஆபரேட்டர் நினைப்பார்.

செம்மல் அதே மில்லில் எலக்ட்ரீசியன். போன வாரம் முழுக்க இழுக்கும் ஃபேன் தகராறு செய்தது. பேரிங் தேய்ந்திருந்தது. அது நின்ற போதெல்லாம் மற்றதும் நின்று, ஸ்டீம் இறங்கி, நெல் அரைவேக்காட்டில் கிடந்தது. மேனேஜர் சரவணக்குமார் பேனல் ரூமுக்கே வந்துவிட்டார்.

"பேரிங் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் ரெண்டையும் பிரிச்சு விட்டுரு. தனித்தனியா ஓடட்டும்."

"ஆபத்து சார்."

"ஒங்கப்பாதானே பாய்லர்ல நிக்கிறாரு. அவருகிட்ட சொல்லிட்டா போதும்ல?"

ஒரு துண்டு வயர். இரண்டு ஸ்க்ரூ. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரவு அவன் வீட்டுக்குப் போனபோது அப்பா தூங்கிவிட்டிருந்தார். மறுநாள் காலை ஷிப்டுக்கு அப்பா வந்ததும் சொல்லிவிடுவது என்றிருந்தான். அன்றைக்கு ஷர்லியின் ஸ்கூல் வேன் வரவில்லை. மகளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் வந்தபோது, மில் வாசலில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாம். கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆம்புலன்சில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அது நின்னா இதுவும் நிக்கணுமே தம்பி. ஏன் நிக்கல?"

செம்மல் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மாஜிஸ்திரேட் கிளம்பியதும் அவன் உள்ளே ஓடினான். நர்ஸ் இரண்டு நிமிடம் என்றாள். பிடித்துக்கொள்ள அப்பாவின் கை இல்லை, கட்டுத்தான் இருந்தது. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? அந்த வயரை நாந்தான்..."

"ஷர்லி பள்ளிக்கூடம் போச்சா?"

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்கப்பா. நாந்தாம்ப்பா..."

"வேன் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுப்பா" என்றான்.

சவரியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணி வாக்கில் மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. செம்மல் டாக்டரைத் தேடி மாடிக்கு ஓடினான், இறங்கினான், எதிரே வந்த யாரோ ஒரு டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க சார், எங்கப்பா சார், ஒரு தடவ வந்து பாருங்க சார்." அவர் மறுக்காமல் கூடவே வந்தார். வார்டு வாசலில் அம்மாவின் அழுகை கேட்டது. டாக்டர் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

மறுநாள் சொந்த ஊரான ஆவூரில் அடக்கம். மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் செம்மலை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பேனல்ல பழையபடி மாத்தியாச்சு. நாளன்னைக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வாராரு. அப்பா சொன்னதையே நீயும் சொல்லிரு. புள்ளைக்காரன் நீ."

செம்மல் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "இத்தனை வருச சர்வீஸ்காரரு, கவனமில்லாம தொறந்துட்டாராமே." அம்மாவுக்கும் அது கேட்டிருக்கவேண்டும். முக்காட்டுக்குள் அவள் தலை அசைந்தது.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் காலையிலேயே மில்லிலிருந்து போன். அப்பாவின் ஆபரேட்டர் சர்டிபிகேட்டை எடுத்து வரச் சொன்னார்கள். இன்னாசியம்மாள் பெட்டியைத் திறந்து அதை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். கொடுக்கவில்லை.

"செம்மலு."

"என்னம்மா?"

"அவுக தெரிஞ்சுகிட்டே அந்தக் கதவைத் தொறந்திருப்பாகளா?"

அவன் நின்றான்.

"காய்ச்சல்னா பாய்லர் பக்கமே போகமாட்டாக. கண்ணு அசந்துரும், ஆபத்தும்பாக. அந்த மனுசனைப் போயி கவனமில்லாதவருங்குறாங்க. நீ சொல்லு. தொறந்திருப்பாகளா?"

"மாட்டாரும்மா."

"அப்புறம்?"

செம்மல் தரையில் உட்கார்ந்தான். வயரைச் சொன்னான், மேனேஜரைச் சொன்னான், பண்ணாத போனைச் சொன்னான். அம்மா அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாரு."

சர்டிபிகேட் அவள் மடியில் கிடந்தது. அதிலிருந்த சின்ன போட்டோவை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதை அந்த ஆபீசர்கிட்ட சொல்லுவியா?"

"உள்ள போட்டுருவாங்கம்மா. ஷர்லி..."

"சொல்லுவியான்னு கேட்டேன்."

சமையலறையில் அவன் மனைவி ரீட்டா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"சொல்றேம்மா."

"வண்டியை எடு. நானும் வாரேன்."

மில்லுக்குப் போகும் குளத்தூர் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. பைக்கில் ஏறினால் அம்மா எப்போதும் அவன் தோளைத்தான் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அந்தக் கை அவன் தோளுக்கு வரவில்லை. அவன் வேகத்தைக் குறைத்தான்.