பத்தாம் வரிசை வாடை

1979இல் நான் விமானப் பணிப்பெண். ஈப்போவிலிருந்து தலைநகரின் சுபாங் விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடப் பயணம். பெயர் பெட்ரீசியா. ஊர் எது என்று கேட்டால் ஈப்போ என்பேன். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள் என்பதை மட்டும் மூச்சு விடமாட்டேன். மரத்தில் உறைந்து புளித்த ஒட்டுப்பாலின் நாற்றத்தை என் தலைமுடியிலிருந்து கழுவிப் போக்கவே எத்தனையோ வருடம் பிடித்தது.

அன்று காலை எஞ்சினைக் கிளப்பியதுமே வாடை வந்தது. ஈரக் காலுறையை வாரக்கணக்கில் மூடி வைத்த மாதிரி இருந்தது. விதி எனக்குத் தெரியும். காரணம் தெரியாத வாடை வந்தால் உடனே கேப்டனிடம் சொல்ல வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். காரணத்தை நாமே முடிவு கட்டக் கூடாது.

நான் பத்தாம் வரிசையைப் பார்த்தேன். அங்கே, பயணிகள் பட்டியலில் கருப்பம்மாள் என்றிருந்த ஐம்பது வயதுப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, நகங்களில் கறுத்த பால்கறை. எனக்கு அது போதும். அந்த நாற்றத்தை இந்த விமானத்தில் என்னைவிட அறிந்தவர் யார்? நான் திமிர் பிடித்தவள், அப்படித்தான் நினைத்தேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

கடைசி வரிசைக்குப் போய் உட்காரும்படி அவரிடம் மலாயில் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தமிழ்ப் பிள்ளதானே நீ? இது ஒட்டுப்பால் நாத்தம் இல்லலா, பாப்பா. முப்பது வருசமா அதுலதான கெடக்குறேன், எனக்குத் தெரியாதா? அந்தா, மேல காத்து வர்ற ஓட்டையிலேருந்து வருது. எண்ணெ கருகுது. ஓட்டுறவருகிட்ட சொல்லு."

புரியவில்லை என்று அதையும் மலாயிலேயே சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் வாசனைத் திரவம் அடித்தேன். முன்வரிசைக்காரர்கள் நன்றி சொன்னார்கள்.

சுபாங்கில் இறங்கும்போது அவர் என்னருகே நின்றார்.

"குளிச்சிட்டுத்தான் வந்தேன், பாப்பா."

குறிப்பேட்டில் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அதே விமானத்தில் மதியம் என் அறைத்தோழி டோரிஸ் வேலைக்குப் போனாள். மேலே ஏறியதும் அதே வாடை, கூடவே நீலப்புகை. ஆட்கள் வாந்தி எடுக்க, அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த டோரிஸ் மயங்கி விழுந்தாள். விமானத்தைத் திருப்பி இறக்கினார்கள். எஞ்சின் எண்ணெய் கசிந்து காற்றுக் குழாயில் கலந்திருந்ததாம். அதற்குப் பிறகு அவளால் ஒரு தேநீர்க் கோப்பையை நடுங்காமல் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டாள். காலையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தொடர்ந்து பறந்திருப்பாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவோம், என் வேலை போகட்டும் என்றுதான் போனேன்.

"காலையில் வாடை இருந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"இருந்தது."

"ஏன் கேப்டனிடம் சொல்லவில்லை?"

"தோட்டத்துப் பெண் ஒருவர் ஏறியிருந்தார். அவருடைய உடம்பு வாடை என்று நினைத்தேன்."

அதிகாரி தலையாட்டினார். "நியாயம்தான்" என்று சொல்லி எழுதிக்கொண்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.