சாப்பாட்டுப் பார்சலுக்கு ஒரு கையெழுத்து

தம்பிராசாவுக்கு அன்று காலையிலேயே களைப்பு. நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது கூட்டங்களுக்கு மொழிபெயர்க்கிறார். ஊரில் ஓர்ஸ் ஹில் பகுதியில் அவர் குரல் கேட்காத மண்டபம் கிடையாது. நல்லிணக்கம், காணி, காணாமற்போனோர் என்று பதாகைதான் மாறும். மேசைவிரிப்பும் தண்ணீர்ப் போத்தலும் அதேதான். அன்றைய பதாகையில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்று போட்டிருந்தது. சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், அதற்கு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். கேட்கட்டும். கேட்பதில் இந்த நாட்டை மிஞ்ச ஆளில்லை.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். சர்வதேச உடன்படிக்கையில் அரசாங்கம் ஒப்பமிட்டிருக்கிறது, ஆகவே குடிமக்களின் அந்தரங்கத்தைக் காப்பது அதன் கடப்பாடு. தன்னைப் பற்றிய விவரத்தை யார், எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. தம்பிராசா எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். நல்ல வசனங்கள்தான். வேறு வேறு வாய்களுக்காக இவற்றை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டதால், அதிகாரி மூச்சு வாங்கும்போதே இவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்.

பின்வரிசையில் பாலையூற்று நல்லம்மா இருந்தாள். அவளுடைய புருஷன் பதினெட்டு வருடத்துக்கு முன் துறைமுக வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு மூன்று நாளில் சிவில் உடுப்பில் ஒரு புலனாய்வுக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து, என்ன கதைத்தாய், யார் கூப்பிட்டது என்று விசாரித்துவிட்டுப் போவான். மகள் லக்சாயினிக்குப் போன வருடம் பேசிய கலியாணம் அதனால்தான் குழம்பியது. விசாரணைக்கு ஆள் வந்துபோகிற வீட்டில் பெண் எடுக்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயம். இப்போது கப்பல்துறையிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"இந்தக் கிழமை என்னை விடுங்கோ ஐயா," என்றுதான், கூட்டத்துக்கு வந்து பேசும்படி தம்பிராசா கூப்பிட்டபோது அவள் சொன்னாள்.

"ஒருத்தற்ற பேரும் எழுதமாட்டினம். நான் பொறுப்பு," என்று தம்பிராசா சொன்னார். அமைப்பாளர்களும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவள் சொன்னால் விஷயம் தைக்கும் என்று அவர் நினைத்தார். அதுதான் அவர் செய்த முதல் பிழை.

அவள் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விவரம் எடுக்கிறவையிட்ட ஏன் எடுக்கிறீங்கள் எண்டு கேக்கலாம் எண்டு சொல்லுறீங்கள். எங்கட படலையடியில வந்து நிக்கிறவரிட்டயும் அதைக் கேக்கேலுமோ?"

தம்பிராசா ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னார். மிக முக்கியமான கருத்து என்று அதிகாரி தலையாட்டினார். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெண்மணி கேட்டதாகக் குறித்துக்கொள்ளும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தம்பிராசாவுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மத்தியானச் சாப்பாடு. வாசலில் மேசை போட்டு, பார்சல்களை அடுக்கி, பக்கத்தில் வரவு இடாப்பை வைத்திருந்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையெழுத்து. இந்த ஊரில் எந்தக் கூட்டமானாலும் இடாப்பில் ஒப்பம் வைத்தால்தான் சோறு. நல்லம்மா மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. "ஐயா, இதை ஒருக்கா நிரப்பித் தாங்கோ," என்றாள். அவர் பேனையை எடுத்தார். இலக்கம் என்று வாயைத் திறக்க முன்னமே, சோதனைச் சாவடிகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த ஒன்பது இலக்கமும் கடைசியில் வரும் ‘வீ’ எழுத்தும் அவள் வாயிலிருந்து வந்து விழுந்தன. அவர் தன் நீதிமன்றக் கையெழுத்தில் அழகாக எழுதினார். இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மரக்கறிப் பார்சல் முடிந்துவிட்டது, மீன் இருக்கிறது என்றார்கள். அவள் மீனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கை கழுவிக்கொண்டு திரும்பியபோதுதான் தம்பிராசா கண்டார். நீலச் சேட்டு போட்ட ஒருவன் மேசையடியில் நின்று இடாப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பிள்ளை குடுத்தனீங்கள்?" என்று அமைப்பாளர்களில் ஒருத்தியான தனுஷிகாவைத் தம்பிராசா கேட்டார்.

"எப்பவும் கேக்கிறவைதானே ஐயா. குடுக்காட்டி அடுத்தமுறை மண்டபம் எடுக்கேலாது."

"நல்லம்மாவின்ர பேரை எண்டாலும் வெட்டிவிடுங்கோ."

"இனி வெட்டி என்ன?" என்றாள் அவள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்.

வெள்ளி போனது, சனி போனது. சொல்லி ஏன் அவளைப் பயமுறுத்த வேண்டும், ஒருவேளை வராமலும் விடலாம் என்று தம்பிராசா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கு வெட்கம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல்தான் மனம் கேளாமல் பாலையூற்றுக்குப் போனார். படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது.

முன்னறையில் பெண் பார்க்க வருபவர்களுக்கென்று துடைத்து வைத்த கதிரைகளில் ஒன்றில் நீலச் சேட்டுக்காரன் இருந்தான். இன்றைக்கு வெள்ளைச் சேட்டு. மரியாதையான மனிதன், இவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மொழிபெயர்க்கிற ஐயாதானே? நல்லதாப் போச்சு, எனக்குத் தமிழ் கொஞ்சம்தான்," என்று சிங்களத்தில் சொன்னான். "கூட்டத்தில் என்ன கதைத்தவ, யார் கூப்பிட்டது என்று கேளுங்கள்."

நல்லம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டிருக்கவில்லை. நேரே தம்பிராசாவைத்தான் பார்த்தாள். மேசையில் கிடந்த தொலைபேசித் திரையில் அவருடைய கையெழுத்து, அவளுடைய இலக்கம்.

தம்பிராசாவுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த கோபம். "கூப்பிட்டது நான்," என்றார் சிங்களத்தில். "இந்த விவரமெல்லாம் எதற்காக எடுக்கிறீர்கள், எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறீர்கள் என்று கேட்க இவருக்கு உரிமை இருக்கிறது. இவருக்காக நான் கேட்கிறேன்."

அவன் கோபிக்கவில்லை. வழக்கமான அலுவல்தான் ஐயா என்று சிரித்துவிட்டுக் கொப்பியைத் திறந்தான். "உங்கள் அடையாள அட்டை இலக்கம்?"

தம்பிராசா சொன்னார். எங்கும் தடக்காமல், வீ வரைக்கும், அதுவும் சிங்களத்தில் சொன்னார். அவன் எழுதி முடித்து நன்றி சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

மோட்டார் சைக்கிள் போய்க் கால் மணி நேரம் ஆகவில்லை, தரகரின் அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவ, படலையில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கண்டுவிட்டா. இன்றைக்கு வசதிப்படாதாம், பிறகு பார்ப்போமாம். லக்சாயினி பலகாரத் தட்டைக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

"என்ர பிழை தங்கச்சி. நான்தானே எழுதினனான்," என்றார் தம்பிராசா.

நல்லம்மா அவன் இருந்த கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சுவரோரம் இழுத்துவிட்டாள்.

"நான் இலக்கத்தைச் சொன்னபடியால்தானே எழுதினீங்கள் ஐயா," என்றாள். "உங்களுக்கும் அப்பிடித்தானே வாயில வந்தது."