பிடிச்சாச்சு

“பிடி” என்றேன்.

“பிடிச்சாச்சுப்பா” என்றாள் மகள்.

பிரேக்கிலிருந்து எண்ணெய் வடிக்கிற சின்னத் திருகு, நிப்பிள். அதைக் கால் சுற்றுத் திறந்தேன். குழாய் வழியாக எண்ணெயும் அதோடு மணி மணியாகக் காற்றும் இறங்கி, தரையில் வைத்திருந்த பழைய இருமல் மருந்து பாட்டிலுக்குள் போயின. மூடினேன். “விடு.” “விட்டாச்சு.” கூடத்தின் நடுவில், விரித்துப் போட்ட செய்தித்தாள்களின் மேல், அவளுடைய மலை சைக்கிள் புது மாப்பிள்ளை முறுக்கோடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டு நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. என் மனைவி தாளை மிதிக்காமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பின் பிரேக் கொஞ்ச நாளாகவே பஞ்சாக இருந்தது. லீவரை இழுத்தால் அது ஹேண்டில்பார் வரைக்கும் வந்து, என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. எண்ணெய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அப்படித்தான். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். கை கொடுக்கிற அழுத்தத்தையெல்லாம் நடுவிலே காற்று வாங்கித் தின்றுவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்தக் காற்றை வெளியே தள்ளுவதை ஏர் எடுப்பது என்போம். நான் பிறந்ததே அதற்காகத்தான் என்று என் மனைவி சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு வேன்களும் மினி பஸ்களும் வரும். பாதிக்கு மேல் பள்ளிக்கூட வேன்கள். எஞ்சினுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், பிரேக்குக்கு நான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அங்கே கிடையாது. ‘பிரேக்கு சாப்பிட்டாச்சா?’ ‘பிரேக்குக்கு ஒரு டீ சொல்லு.’ ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பான், நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். எனக்கு அவன் கால் தெரியாது, அவனுக்கு என் கை தெரியாது. நடுவில் இருப்பது பேச்சு மட்டும்தான். பிடி என்றால் மிதிக்க வேண்டும். மிதித்து, பிடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் பிடிச்சாச்சு என்று சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பொய்க்குப் பஞ்சமே இல்லை. லீவுக்குப் பொய், தாமதமாக வந்ததற்குப் பொய், உடைந்த ஸ்பேனருக்கு ஒரு மூட்டைப் பொய். ஆனால் பிடிச்சாச்சு என்ற சொல்லில் மட்டும் யாரும் பொய் கலந்ததில்லை.

போன வருடம் என் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். கட்டி போனது, போகிற போக்கில் என் விரல்களின் உணர்ச்சியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு கையிலும் தடித்த கையுறை போட்டது போல இருக்கிறது, கழற்றத்தான் முடியவில்லை. நரம்பு திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர், மழையைப் பற்றிச் சொல்வது போல. சட்டைப் பித்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். டம்ளர் சூடா இல்லையா என்பதையும் அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். ஃபோர்மேன் தங்கமானவர், என் இடத்தில் இன்னொருவரைப் போடாமல் வைத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அதனால்தான் மகளின் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோக விடாமல் கூடத்தில் நிறுத்தினேன். இதை என்னால் செய்ய முடிந்தால் வேனையும் செய்ய முடியும். இது முடியவில்லை என்றால் பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்கு அடியில் படுக்க எனக்கு யோக்கியதை இல்லை. மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு அவ்வளவுதான். அதை வீட்டில் வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

வேன் ஆயில் இதற்கு ஆகாது, உள்ளே இருக்கிற ரப்பர் உப்பிவிடும். இதற்கென்று உள்ள எண்ணெயை மகளே வாங்கி வந்தாள். லீவர் தலையில் சின்னப் புனலை மாட்டி அவள் எண்ணெய் ஊற்றினாள். நான் கீழே, பின்சக்கரத்தின் பக்கத்தில். எலிக் குட்டிக்குச் செய்தது போல அவ்வளவு சின்ன நிப்பிள். ஸ்பேனர் அதில் உட்கார்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தேன். இறுகியதா என்பதை மட்டும் எதனால் பார்ப்பது?

குழாயில் காற்று வருவது நின்றது.

“இப்ப எப்படிம்மா இருக்கு? பஞ்சா, கல்லா?”

கொஞ்சம் தாமதித்தாள். “கல்லுப்பா” என்றாள்.

எழுந்து போய் நானும் அழுத்திப் பார்த்தேன். பிரேக்கைச் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். காலால் மிதித்தாலும் கையால் பிடித்தாலும் கண் மூடித்தான் இருக்கும், கண் திறந்திருந்தால் கை சோம்பேறியாகிவிடும் என்று மற்றவர்களுக்கு நானே உபதேசம் செய்திருக்கிறேன். மூடிக்கொண்டு அழுத்தினேன். அவள் சொன்ன கல் காதில் இருந்தது, விரலிலும் இருப்பது போலத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, “சார், பொடி சைஸ் நிப்பிள் சார், அதையே முடிச்சுட்டேன்” என்று பீற்றிக்கொண்டேன். “நீ வந்து நின்னாலே போதும்யா” என்றார் அவர். என் மனைவி அன்றைக்கே என் காக்கிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவில் மாட்டினாள்.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. வாசலிலிருந்து சாலை ஒரே சரிவாக இறங்கி, வளைந்து, கீழே பெரிய சாலையில் போய் முட்டும். மகள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், தினமும் காலையில் சைக்கிளில் அந்தச் சரிவில் பறப்பாள். அந்த வாரம் ஒருநாள் காலையில் நான் துணி காயப் போட மாடிக்குப் போனபோது வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் தெரிந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துபோனாள். டயரில் ஏதோ குத்திவிட்டது போல என்று நினைத்தேன். பெரிய சாலை வந்ததும் சமதரையில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் போய்விட்டாள். குத்திய டயரில் யார் ஏறுவார்கள்?

மறுநாள் காயப் போடத் துணி இல்லை. இருந்தும் மாடிக்குப் போனேன். வாசலில் எனக்குக் கை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தவள், ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வளைவு வரை போனாள். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் வந்ததும் இறங்கிவிட்டாள். மாடியைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. ஒரு லாரி ஏறி வர, சைக்கிளோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். முன் பிரேக்கை மட்டும் நம்பி அந்தச் சரிவில் இறங்கினால் தலைகுப்புறத்தான் போக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நாளாக அவள் ஏன் சீக்கிரமே கிளம்புகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை அதிகம் என்று சொல்லியிருந்தாள். பாவம், இப்படியா கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய்யைச் சுமப்பாள் என் பெண்?

சாயங்காலம் அவள் முகம் கழுவப் போன நேரத்தில் சைக்கிள் முன்னால் உட்கார்ந்தேன். இந்தமுறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். நிப்பிளைச் சுற்றி ஈரம். டிஸ்க்கில் பளபளப்பு. அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பேட் இரண்டும் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. நான் இறுக்கியதாக நினைத்தது இறுகவே இல்லை. லீவரைப் பிடித்து இழுத்தேன். என் கண் முன்னாலேயே அது எந்த மறுப்பும் சொல்லாமல் ஹேண்டில்பாரைத் தொட்டது. விரல் அப்போதும் சாதித்தது, கல்தான் என்று.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சா?”

துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

“பாப்பா, உன்னைத்தான் கேக்கறேன். அன்னிக்கே பஞ்சுதானா?”

“ஆமாப்பா.”

“அப்புறம் ஏன் கல்லுன்னு சொன்ன? வண்டிக்கு அடியில கிடக்கறவன்கிட்ட யாராவது மாத்திச் சொல்லுவாங்களா? நீ சொன்னதை வச்சு நான் வேன்ல கை வச்சிருப்பேனே. திங்கட்கிழமை வச்சிருப்பேனே!”

நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். “அவளை ஏன் திட்டறீங்க? நல்லா இருக்குன்னு சொல்லுடின்னு நான்தான் கண்ணைக் காட்டினேன்” என்றாள். “எத்தனை மாசமாச்சு நீங்க சிரிச்சு? இது தோத்துப்போச்சுன்னா நான் செத்தேன்கற மாதிரி உக்காந்திருந்தீங்க. எங்களுக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க?”

“வேன்ல பிள்ளைங்க போகும்டி.”

“தெரியும். அதை நினைச்சு நானும்தான் தூங்கல. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது, போய் நிற்க இடம் இல்லை.

உடனே ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். கை சரியாகவில்லை, தொட்டால் தெரியவில்லை, நான் முடித்ததாகச் சொன்ன வேலை ஒழுகிக்கிடக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். “பிரேக்கு, நீ பயந்துபோய் இருக்கே. இவ்வளவு நாள் படுத்தவன் யாரா இருந்தாலும் பயப்படுவான். ஸ்பேனரைத் தொட்டா எல்லாம் தானா வந்துரும்யா. வா, பாத்துக்கலாம்” என்றார். இல்லை சார், நிஜமாகவே என்றேன். “எல்லாரும் உனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கய்யா” என்றார். எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் அவருடைய நல்ல மனசு அதை வாங்கிக்கொண்டு அமுங்கியது. போனை வைத்தபோது நான் வருகிறேன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் செய்தித்தாளை விரித்திருந்தாள். புதுசு மாற்றுவதற்காகப் பேட்களைக் கழற்றி ஒதுக்கி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, புனலை மாட்டிவிட்டாள். எனக்கு வழக்கமான இடத்தைக் காலியாக விட்டு லீவர் பக்கம் போய் நின்றாள்.

“நீ கீழ வா. நான் மேல பிடிக்கறேன்” என்றேன்.

“அப்பா…”

“வாம்மா.”

அவள் உட்கார்ந்தாள். அவள் பிடிங்க என்றாள், நான் லீவரைக் கண்ணால் பார்த்துப் பிடித்து, பிடிச்சாச்சு என்றேன். அவள் திறந்தாள், மூடினாள், விடுங்க என்றாள், விட்டேன். குழாயைத் தட்டு, மேலே ஒட்டியிருக்கும் காற்று எழும்பும் என்றேன். ஸ்பேனரின் பின்பக்கத்தால் தட்டினாள். சின்னதாக ஒரு குமிழி புனலில் வந்து உடைந்தது. எப்படி இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அவள் எழுந்து வந்து பிடித்துப் பார்த்து, “இல்லப்பா” என்பாள். மறுபடி உட்காருவாள். மறுபடி “இல்லப்பா.” அந்தச் சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் சுருக்கென்றது, கூடவே காதுக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தது! மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மகள் நிப்பிளை இறுக்கினாள். இறுகும்போது அவள் கட்டை விரல் நகம் வெளுத்து, இறுகி முடிந்த இடத்தில் அவள் கை தானாகவே நின்றது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். வருடக்கணக்காக என் கையில் இருந்தது அது. எழுந்து வந்து லீவரைப் பிடித்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கல் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. மகள் வண்டி நிற்கும் என்பதில் தகப்பனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன் பின்னாலேயே, அந்த நிற்பு இனி என் கையில் இல்லை என்பதும் வந்தது.

“நீங்க பிடிச்சுப் பாருங்கப்பா” என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் கேட்காமல் என் கையை எடுத்து லீவரின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள், பித்தான் போடுகிற அவள் அம்மாவைப் போலவே. அழுத்தினேன். லீவர் பாதி வழி வந்து நின்றது. நிற்பதைப் பார்த்தேன். இன்னும் அழுத்தினேன், எங்கேயாவது ஒரு விரலின் ஏதாவது ஒரு ஓரத்தில் அந்தக் கல் வந்து இடிக்காதா என்று அழுத்தினேன். விரல் முட்டிகள் வெளுத்தன. விரல்களில் ஒன்றும் இல்லை.

“போதும்பா” என்றாள். “விடுங்கப்பா. லீவர் கையை வெட்டிரும், விடுங்க.”

விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்த்தேன்.