கடையில் இல்லாத சத்தம்

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்பில், "உங்க வீட்ல சத்தம் போடுற ஒரு பொருளைப் பத்தி எழுதிட்டு வாங்க" என்றார்கள். பாதிப் பேர் ஃப்ரிட்ஜைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் மாமியாரைப் பற்றி எழுதிவிட்டு, பொருள் என்ற சொல்லைக் கவனிக்கவில்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அக்கா, அத்தானோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அக்காவின் பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுத்தேன்.

பேஸ் கிட்டார் தெரியாதவர்களுக்கு: சாதாரண கிட்டாரைவிட நீளம், பெரும்பாலும் நான்கே தந்திகள், ஒவ்வொன்றும் தடிமன். ஒரு பாட்டில் அதை யாரும் தனியாகக் கேட்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரியும்.

[இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்த வாக்கியத்தைச் சந்தேகிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகித்துவிட்டேன். இருக்கட்டும்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அக்கா கிட்டாரை மடியில் கிடத்தியபோது வானத்தில் மேகங்கள்...

வேண்டாம். கதை முழுக்க ஒரு ஹாலுக்குள் நடக்கிறது. வானத்துக்கு இங்கே வேலை இல்லை.

அவன் ஒரு கிட்டார் பைத்தியம்.

அக்கா படித்தால் கண்டுபிடிக்கக் கூடாது என்று அவளை ஆணாக மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஓடியது. அத்தானுக்குப் புடவை கட்ட வேண்டி வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா பல் செய்கிறாள்.

இது உண்மை. ஆகவே இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா பல் செய்கிறாள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவளும் இன்னும் சிலரும் லேபில் உட்கார்ந்து வார்த்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார்கள். போட்டுப் பார்த்தவர் "உறுத்துது" என்றால் பல் திரும்பி வரும். அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த பல்லைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்பதில்லை. "வாய் அவங்களோடது, பல்லு நம்மளோடது. திருத்த வேண்டியது நம்மளோடதை" என்பாள் அக்கா. உறுத்துகிற இடத்தில் ஒரு மயிரிழை ராவினால் போதும்.

இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளராக இருந்தால் இதை உங்களுக்கே தெரியாமல் மனதில் போட்டிருப்பேன். எனக்கு இன்னும் அந்தக் கைத்திறன் வரவில்லை.

அக்காவின் முதல் பேஸ் கிட்டார் பழையது, நீல நிறம். கடையில் வாசித்துப் பார்த்தபோது பிசிறில்லாமல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரில் செருகினால், ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் 'கிர்ர்' என்றது. அதே ஸ்வரத்தை வேறு தந்தியில் வாசித்தாலும் கிர்ர்.

"ரெண்டு இடத்துலயும் கோளாறுடி" என்றாள் அக்கா.

தந்திகளை மாற்றினாள். தந்திகள் உட்காரும் பாலத்தை மாற்றினாள். கழுத்தைக் கழற்றி, அடியில் தகடு வைத்து மறுபடி பூட்டினாள். கிர்ர் போகவில்லை. விற்றுவிட்டு இரண்டாவதை வாங்கினாள், கறுப்பு. கடையில் பிசிறில்லை. வீட்டில் கிர்ர். உள்ளே இருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் ஈயப் புகை.

"கடையில நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் குணத்தைக் காட்டுது" என்று அலுத்துக்கொண்டாள்.

அத்தான் சோபாவிலிருந்து தலையைத் தூக்காமல், "என்னைப் பத்தியும் உங்க அம்மாகிட்ட இதையேதான் சொன்னே" என்றார்.

"உங்களைப் பிரிச்சு மாட்ட முடியலையே, அதான் விட்டுட்டேன்."

[அத்தான் நிஜத்தில் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. இது அவர் மொத்தமாக ஒரு மாதத்தில் சொல்வது. கதை நகர வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.]

4

இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே சந்தேகம் உண்டு. இத்தனை கிட்டார்களைப் பிரித்து மாட்டியவள் ஒரு பாட்டைக்கூட முழுதாக யார் முன்னும் வாசித்ததில்லை. லேபில் கூட வேலை பார்ப்பவர் ஒரு சின்ன இசைக்குழு வைத்திருக்கிறார், கீபோர்டு வாசிப்பவர். அவர்களுடைய பேஸ்காரர் வெளியூர் போனதிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அவள் பதில் ஒன்றுதான்: "கிட்டார் இன்னும் ரெடியாகலையே."

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பார்வை சோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்பது என் தொழில். சிலர் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபின்னும் மறுபடி போடச் சொல்வார்கள். ஏனென்றால் போதும் என்று சொன்னால், அந்தக் கண்ணாடியோடு தெருவில் இறங்க வேண்டும். இந்தக் கதையின் தொடக்கத்தை நான் எத்தனை முறை மாற்றினேன் என்று சொல்லப்போவதில்லை. அக்காவைப் புரிந்துகொள்ள எனக்கு அது போதும்.

மூன்றாவது கிட்டார் மர நிறம். அதுவும் கிர்ர்.

இந்த முறை அக்கா அலுத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். விரலை அழுத்தினால் தந்தி அதில் படிந்து சரியான ஸ்வரம் வரும். அக்கா சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, லேபிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் பல் பிடுங்குவது போலப் பிடுங்கினாள். அவை இருந்த காடிகளில் மெல்லிய மரச் சீவல்களை வைத்து ஒட்டி, தடவினால் தெரியாதபடி தேய்த்தாள். "இனிமே தந்தி இடிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. எப்படிக் கிர்ருங்குதுன்னு பாக்குறேன்."

அன்று மாலை வாசித்தாள். அந்த ஸ்வரம் வந்தது. கிர்ர் என்றது.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"கேட்டியா? உறுமுது! ஃப்ரெட் இல்லாத கிட்டார் இப்படித்தான்டி உறுமும். இதுக்குத்தான் ஆளுங்க ஏங்குறாங்க."

ஃப்ரெட் இல்லாத பேஸ் கொஞ்சம் உறுமும் என்பது நிஜம்தான். அவள் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தாள். மறுநாள் கீபோர்டுக்காரரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். குழுவின் முதல் பாட்டே பேஸ் தனியாகத் தொடங்குமாம். அந்தத் தொடக்கத்தை அந்த ஒரு ஸ்வரத்தின் மேலேயே அமைத்திருக்கிறாள். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை.

5

இதுவரை எழுதியதை வகுப்பில் வாசித்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டும் வகுப்புத் தோழர் ஒருவர் கையைத் தூக்கினார். அவர் எல்லாக் கதைக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எல்லாம் சரிங்க. இதுல யாருக்கு என்ன ஆபத்து?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. எங்கக்கா கடைசியில சந்தோஷமா இருக்காங்க."

"அப்போ எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

6

வீட்டுக்கு வந்து, கதையில் எங்கே ஆபத்தை வைப்பது என்று யோசித்தபடி ஹாலில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் அத்தானின் ஷோகேஸ். உள்ளே யாரும் குடிக்காத கோப்பைகள். முன்னால் காடியில் ஓடும் கண்ணாடிக் கதவு. அக்கா ஒத்திகைக்காக வாசித்துக்கொண்டிருந்தாள். வசதிக்காக இடது கையைக் கண்ணாடியில் ஊன்றினேன்.

கிர்ர் நின்றது.

கையை எடுத்தேன். கிர்ர். வைத்தேன். இல்லை.

நான் எதையும் ஒரே தடவையில் நம்புகிறவள் இல்லை. இது தெளிவா, இதுவா? வைத்தேன், எடுத்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நீலம், கறுப்பு, மர நிறம் எதிலும் ஒரு குறையும் இருந்ததில்லை. அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் தளர்ந்த கண்ணாடி அதிர்ந்திருக்கிறது. அக்கா தன் தொழில் வழக்கப்படி வாயைக் கேள்வி கேட்காமல் பல்லையே ராவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒத்திகை நடக்கும் இடம் ஒரு கிடங்கின் மாடி. நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஷோகேஸ் கிடையாது.

7

முடிவுகள். லென்ஸ் மாற்றுவது போல ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

சொல்லிவிடுகிறேன். அக்கா சிரிக்கிறாள், அத்தான் சிரிக்கிறார், ஷோகேஸைத் தூக்கி...

இல்லை. அக்கா சிரிக்க மாட்டாள். பிடுங்கிய ஃப்ரெட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் டப்பாவை எடுத்துப் பார்ப்பாள். பிறகு போனை எடுத்து, "கிட்டார் இன்னும் ரெடியாகலையே" என்பாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

இதுவா? சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, புதிய ஆட்கள் முன்னால், அக்கா தனியாக அந்த ஸ்வரத்தைத் தொடங்குகிறாள். உறுமல் வரவில்லை. கோளாறு தன் விரலில் என்று நினைக்கிறாள்.

அல்லது, உறுமல் வராததைக் கவனிக்காமலே வாசித்து முடிக்கிறாள். கூட நான்கு பேர் வாசிக்கும்போது அதெல்லாம் யாருக்குக் கேட்கும்? இது எனக்குப் பிடித்த முடிவு. ஆகவே சந்தேகிக்கிறேன். அக்காவின் காதை எனக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல். நான் எழுதுவதையெல்லாம் அக்கா வாங்கிப் படிப்பாள். இந்தக் கதையை முடித்தால் சொன்னதாகிவிடும். முடிக்காவிட்டால் சொல்லாததாகிவிடும். நான் ஆம்புலன்ஸ்காரரிடம் தவறாகச் சொல்லிவிட்டேன்.

8

இப்போது சனிக்கிழமை மாலை. அத்தான் சோபாவில் இருக்கிறார். அக்கா அந்தத் தொடக்கத்தை வாசிக்கிறாள். வலது கையால் இதை எழுதுகிறேன். இடது கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அந்த ஸ்வரத்துக்கு வருகிறாள். வாசிக்கிறாள். நிறுத்துகிறாள். மறுபடி வாசிக்கிறாள்.

"ஏய். இப்போ என்னமோ மாறிச்சே?"

"என்ன மாறிச்சு?"

"தெரியல. சும்மா சுத்தமா வருது." இன்னொரு முறை. "இதுவும் நல்லாத்தான் இருக்கு. இல்லடி?"

அத்தான் சோபாவிலிருந்து தலையைத் தூக்குகிறார். என் கையைப் பார்க்கிறார். கண்ணாடியைப் பார்க்கிறார். அவருடைய இந்த மாதப் பேச்சை நான் மேலேயே செலவழித்துவிட்டேன்.

அக்கா இன்னும் திரும்பவில்லை. அடுத்த முறை அந்த ஸ்வரத்துக்கு வரும்போது திரும்புவாள் என்று நினைக்கிறேன். கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வாருங்கள். உங்கள் கையை என் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். நன்றாக அழுத்தி.

வைத்துவிட்டீர்களா? நான் எடுத்துக்கொள்கிறேன்.