நாலு நிமிஷ வீடியோ

மூன்று மாதமாகக் குண்டடம் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. என் காட்டில் சோளப்பயிர் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். பால் சொசைட்டியில் நின்று இதை ஊருக்கே கத்திக் கத்திச் சொன்னவன் நான்தான், லிங்கசாமி. என் மாட்டைக்கூட அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டதில்லை.

பக்கத்துக் காட்டுக் குப்பாயிக்கு இருந்தது ஒரே ஒரு சினைமாடு. அவள் மேய்ச்சல் காட்டில் புல் கருகிப்போனதும் அது இரண்டு தடவை என் வேலியைத் தாண்டி வந்தது. பயிரில் வாய் வைப்பதற்குள் விரட்டிவிட்டேன். கேட்டதற்கு, "எம்மாடா இருக்காதுங்ணா" என்று சொல்லிவிட்டாள். அதுவும் நாலு பேர் முன்னால்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று காலை பத்து மணிக்கு மறுபடியும் அதே மாடு, நடுப்பயிரில். வசமாக மாட்டினாயா என்று செல்போனை எடுத்தேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் அப்புறம் அவள் வாயைத் திறக்க முடியாது. வளைந்த கொம்பு தெரிய, கழுத்தில் அவள் கட்டிய சிவப்புக் கயிறு தெரிய, நிதானமாகப் படம் பிடித்தேன். பேச்சு வேறு. "தின்னு கண்ணு, நல்லாத் தின்னு. உன்ர ஊட்டுக்காரிக்கு இன்னைக்கு ஆப்பு வெக்கறேன் பாரு."

நாலாவது நிமிஷம் மாடு தலையைத் தூக்கியது. தள்ளாடிக்கொண்டே வேலியைத் தாண்டி, குப்பாயி வாசலில் போய் விழுந்தது. அடப் பாவி லிங்கசாமி! விஷம் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு ஓடினேன்.

தண்ணீர் லாரிக்குப் போயிருந்த குப்பாயி, குடங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் தின்னுருச்சுங்களா? பாம்பு கீம்பு கடிச்சுருச்சுங்களா?" என்று மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டாள். நான் போனைச் சட்டைப் பைக்குள் செருகினேன்.

மாட்டு டாக்டர் பைக்கை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "என்ன தின்னுச்சு? சீக்கிரம் சொல்லுங்க, அதுக்குத் தக்கன ஊசி போடோணும்" என்றார். மாட்டுக்கு மூச்சு இரைத்தது. வாயில் நுரை. சொல்லாவிட்டால் போய்விடும். சொன்னால் என் மானம் போய்விடும். அந்த நேரத்திலும் நான் யோசித்தேன், அதுதான் கேவலம்.

"சோளங்க" என்றேன்.

"எவ்வளவு தின்னுச்சு? பாத்தது யாரு?"

போனை நீட்டினேன். படத்தைத்தான் நினைத்தேனே தவிர, குரலை மறந்துபோனேன். "தின்னு கண்ணு, நல்லாத் தின்னு" என்று என் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாட்டின் கழுத்து நரம்பில் மருந்தை ஏற்றினார்.

மத்தியானத்துக்கு மேல் மாடு எழுந்து நின்றது. குப்பாயி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"ஏனுங்ணா, ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா ஓடியாந்திருப்பனுங்களே. லாரிகிட்டத்தானுங்க நின்னுட்டிருந்தேன்."

"விஷங்கறது மறந்துபோச்சும்மா" என்றேன்.

பால் சொசைட்டியில் நான் கத்தியபோது என் எதிரிலேயே நின்று கேட்டவள் அவள். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"ஆமாங்ணா, மறந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை நிழலுக்கு ஓட்டிப் போனாள்.