நான் அடைத்த ஓட்டைகள்

முதல் ஓட்டை ஜன்னல் திரையின் கீழ் மூலையில் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு; ஓரமெல்லாம் கருகியிருந்தது. அப்பா வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு மாதம். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அம்மா காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுவாள்.

யார் வேலை என்று கேட்காமலே தெரிந்தது. தங்கைக்கு ஒன்பது வயது. எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள் விரல்களில் தீக்குச்சி வாசனை அடித்தது.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவின் தையல் கடையில் நான் கற்றுக்கொண்ட வேலை ஒன்றுதான். கிழிந்த துணியிலிருந்தே நூலை உருவி, இழைக்கு இழை பின்னி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவேன். திரையை அன்றைக்கே அடைத்தேன். அம்மாவுக்கு இருக்கிற கவலை போதாதா என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்து அம்மாவின் தலையணை உறை. பிறகு அப்பா கொடியில் விட்டுப்போன சட்டை. நான் தைக்கும்போது வாலு பக்கத்தில் குந்தி ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இப்ப தெரியுதா?" என்று காட்டுவேன்.

"தெரியல" என்று எழுந்து போய்விடுவாள். தப்பித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது தடவை கடையிலேயே நடந்தது. பின்னறையில் வெட்டுத்துணி மூட்டை பற்றிக்கொண்டது. பக்கத்துக் கடையில் சாவி செய்பவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து அணைத்தார்.

"அக்கா, வாலுன்னு பேரு வச்சீங்க. ஊரைக் கொளுத்தாம விடுமா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அதட்டவில்லை. வாலுவுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி தீ வச்சிருக்கியா கண்ணு?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஐயோ, இதான் முதல் தடவை மேடம். அடுப்புப் பக்கமே போக மாட்டா."

"ஒரு தடவைன்னா விளையாட்டா இருக்கும், சொல்லிக்கொடுத்தா போதும். பல தடவைன்னா மனசுல என்னமோ இருக்குன்னு அர்த்தம். வாராவாரம் உக்காந்து பேச எங்ககிட்ட ஆள் இருக்காங்க. அதான் கேக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

வெளியாட்கள் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்று அது வெறும் சாக்கு. சொன்னால் அம்மா முன்னால் நானும் மாட்டிக்கொள்வேன்.

"முதல் தடவைதான்" என்றேன்.

வாலு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதிகாரி, தீப்பெட்டி கிடந்தால் எடுத்துப் பெரியவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் வாலு அம்மாவின் மெத்தைக்குத் தீ வைத்தாள். பயந்துபோய் அதை மிதித்து அணைக்கப் பார்த்ததில் வலது பாதம் வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரி மறுபடியும் வந்து நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். திரை, உறை, சட்டை.

"தினம் அந்தத் தலையணையிலதானேடி படுக்கறேன்!" அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து வாலு பேசினாள். "நீ பாப்பேன்னுதாம்மா வச்சேன். அக்கா தச்சிடறா. அதான் பெருசா வச்சேன்."

"நான் என்னத்தப் பாக்கணும்?"

"அப்பா எப்ப வரும்னு கேட்டா நீ மெஷின ஓட்டிடறே. காதுலயே விழறதில்ல உனக்கு."

அம்மா கட்டிலில் ஏறி அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு நாட்களை மட்டும் யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் போதும் என்று இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் அம்மா கடையை மூடிவிட்டு அவளைப் பேச அழைத்துப்போகிறாள். ஏழு மாதமாகத் தீ இல்லை. கிளம்பும்போது, வெந்த இடத்தில் உரசாமல், செருப்பை நான்தான் மாட்டிவிடுகிறேன்.

"வலிக்குதா?"

"இல்ல" என்பாள் முதலில்.

நான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "லேசா வலிக்குது" என்பாள்.