ஆளுக்கு ஒன்று

சாய்ந்துபோன வேலிக்கம்பத்தை அவள் தோளால் முட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தபோது கணவர் பின்வாசலில் வந்து நின்றார். வண்டியை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்று கேட்டார்.

"மூணு மணிக்கே சொல்லிடுங்க."

"உன் தம்பி வரணுமே. இன்னும் ஆளக் காணோம்."

"வந்தா வரட்டும். இப்ப இதைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கல்லைத் தூக்கிக் குழிக்குள் போட்டுக் குதிகாலால் மிதித்து இறக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. அங்கே நின்று, சாலையைப் பார்த்துத் தலையைத் தூக்கி ஒரு கனைப்பு. மறுபடி இந்த மூலைக்கு. மூன்று வாரமாக இதே ஓட்டம். புல் இருந்த இடத்தில் வேலியை ஒட்டி ஒரு வாய்க்கால்போலச் சேறு குழிந்திருந்தது. மார்பில் வேர்வை நுரைத்து நின்றது. நேற்று மாலை போட்ட வைக்கோல் மிதிபட்டுக் கிடந்தது. வாளித் தண்ணீரில் ஈ மிதந்தது.

"எல்லாரும் வந்துட்டே இருக்காங்க. நீ உள்ள வா," என்றார் கணவர்.

"இது சாஞ்சா நேரா ரோட்டுக்குத்தான் போகும். போன வாரம் போச்சே, மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. பேருந்துக்கு முன்னால் அது நின்றதை எதிர்வீட்டு டீச்சர் இன்னும் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

முன்னறையில் அப்பா கிடந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு உயிர் போயிருந்தது. ஆக்சிஜன் மெஷினை அவள்தான் நிறுத்தினாள். அந்த உறுமல் நின்றதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. கடைசி மூன்று வாரமும் ஒவ்வொரு மூச்சையும் அவர் எங்கிருந்தோ கெஞ்சி வாங்கி வருவதுபோல்தான் இழுத்தார். பக்கத்தில் படுத்திருந்த அவளும் தன்னையறியாமல் அவரோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்ற அந்த நொடியில் அவள் வாயிலிருந்து "அப்பாடா" என்று ஒரு சொல் வெளியே வந்துவிட்டது. வேறு யார் காதிலும் விழவில்லை. ஆனால் காலையிலிருந்து அது அவள் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

கைகழுவிவிட்டு அவள் உள்ளே போனபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. ஊருக்கே அவர் மாஸ்டர். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது தலை நரைத்து, தொப்பை விழுந்து உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறேன். எனக்கு முதல் பல்லு போனது மாஸ்டரோட குதிரையிலதான்." சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்ததும் இருவரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

பின்பக்கம் குதிரை கனைத்தது. ஓர் இழுப்பில் ஆரம்பித்து உடைந்து நடுங்கி முடிகிற கனைப்பு. அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"பாத்தீங்களா," என்றார் எதிர்வீட்டு டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாஸ்டர் போனது அதுக்குத் தெரிஞ்சிருக்கு. வாயில்லாத ஜீவன், எப்படித் தேடுது பாருங்க."

பலரும் தலையாட்டினார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், போன வாரம் வரைக்கும்.

அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போய், இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது என்று ஆனபோது லாயத்தை மூடினார்கள். மிச்சமிருந்தவை இரண்டு குதிரைகள். பெட்டைக்கு வாயாடி என்று பேர். யார் வந்தாலும் கனைத்துக் குசலம் விசாரிக்கும். ஆண் குதிரை சாமியார். பட்டாசே வெடித்தாலும் ஒரு காதை மட்டும் திருப்பும். பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் நின்றவை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். "ஆளுக்கு ஒண்ணு. நான் அக்கா வீட்டுக்கு." யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் தம்பி, "அப்பாவையும் எடுத்துக்கிட்டு நல்ல குதிரையையும் எடுத்துக்கிட்டா" என்று மனைவியிடம் சொன்னது அவள் காதுக்கு வந்தது. "முடியாத மனுஷனப் பாத்துக்கிறதப் பரிசுன்னு நெனச்சானா?" என்று அவள் சொன்னது அவன் காதுக்குப் போனது. அதோடு பேச்சு நின்றது.

வந்த முதல் நாளே வாயாடி கத்த ஆரம்பித்தது. அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே அந்தக் கனைப்பு வந்து அவளை அழைத்துக்கொண்டு போகும். அப்பாவைத்தான் தேடுகிறது என்று நினைத்து, கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். "ஒரு தடவை கூப்பிடுங்கப்பா. உங்க குரலக் கேட்டா அடங்கிடும்."

அப்பா முகமூடியை விலக்கிவிட்டு நாக்கைச் சொடுக்கினார். ஓடிக்கொண்டிருந்தது நின்றது. காதைத் திருப்பியது. அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி முன்னைவிட வேகமாகச் சாலைப்பக்கம் ஓடியது.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

"என்னை அவளுக்கு நல்லாத் தெரியும்," என்றார் பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "புல்லு போடுறவன். அவ்ளோதான். அவ தேடுறது என்னை இல்லம்மா. அவனை."

"சாமியாரையா?"

"குதிரைக்குத் தனியா இருக்கத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் பிரிச்சேன். உங்க சண்டைக்குப் பயந்து." கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். "தம்பிக்கு ஒரு போன் போடேன்."

"போடுறேன்பா."

மறுநாள் கேட்டபோதும் "போடுறேன்" என்றாள். அதற்கு மறுநாள் அவர் கேட்கவில்லை. போனைக் கையில் எடுத்து அவன் எண் வரைக்கும் போவாள். முதலில் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவாள். இன்று காலை எடுத்தபோது சொல்வதற்கு விஷயம் இருந்தது. "அப்பா போயிட்டார்டா." "வரேன்," என்றான் அவன். போன் துண்டிக்கப்பட்டது. ஒன்றரை மணி நேர வழி. இப்போது பதினொன்று ஆகிவிட்டது.

"சொந்தப் பிள்ளை இன்னும் வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். "வந்துட்டிருக்கான்," என்றார் கணவர், தெரிந்தவர்போல.

அப்போது பின்பக்கம் குளம்புச் சத்தம் சட்டென்று நின்றது. கம்பம் சாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். எழுந்து ஓடினாள். வாயாடி வேலி மூலையில் கல்லாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு காதும் சாலையை நோக்கிக் குத்திட்டிருந்தன. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் தெருமுனையில் ஒரு வண்டி கியர் மாற்றித் திணறுவது கேட்டது. அதற்கும் மேலே, தகரத்துக்குள்ளிருந்து, ஆழமான ஒரு கனைப்பு. பதினொரு வருஷத்தில் அந்தக் குரலை அவள் இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருப்பாள்.

வாயாடி பதில் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது.

தம்பி வண்டியிலிருந்து குதித்தான். லாரிப் பட்டறையில் வேலைசெய்யும் அதே எண்ணெய்க் கறை சட்டை. சவரம் செய்யாத முகம். அக்காவைப் பார்த்தான். பேச வாயெடுத்தவன் வண்டியின் பின்கதவைக் காட்டி, "முதல்ல இதை இறக்கிடலாம். ஏத்தறதுக்கே நேரமாயிடுச்சு, உள்ளயும் நிக்க மாட்டேங்குது," என்றான்.

இருவருமாகச் சரிவுப் பலகையைத் தாழ்த்தினார்கள். சாமியார் இறங்கிய வேகத்தில் கயிறு அவன் கையைச் சீய்த்துக்கொண்டு போனது. அவள் வேலிக்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினாள். இரண்டும் ஒன்றையொன்று நோக்கிப் பாய்ந்து, ஓர் அடி தூரத்தில் நின்று, மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தன. வாயாடி ஒரு கீச்சுக் குரல் கொடுத்து அதன் கழுத்தில் பட்டென்று ஒரு கடி கடித்தது.

"இத்தனை நாளா எங்க போய்த் தொலைஞ்சேன்னு கேக்குது," என்றான் தம்பி.

அவள் அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. சாமியாரின் விலாவையும் பார்த்தாள். எலும்பு எண்ணலாம்போல் இருந்தது.

"இதுவுமா?"

"கதவையே கடிச்சுத் தின்னுடுச்சுக்கா. கத்தல. அதான் கஷ்டம். மூலையில தலையை வெச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே நின்னுச்சு, காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும். உன்கிட்டச் சொன்னா, ஒரு குதிரையப் பாத்துக்கத் துப்பில்லையான்னு கேப்பியோன்னு."

"நான் கேட்டிருப்பேன்," என்றாள் அவள்.

அவன் வேலியில் சாய்ந்தான். "நேத்து சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். மாமாதான் போட்டுக் குடுத்தார். பாதி மூச்சு, பாதி பேச்சு. 'அவனைக் கூட்டிட்டு வந்துடு'ன்னார். காலையில வரேன்பான்னேன், அப்பவே வண்டி சொல்லி வெச்சேன். 'அக்காகிட்டச் சொல்லட்டுமா'ன்னேன். 'வேணாம், அவளே கூப்பிடுவா. அவ கூப்பிட்டு நீ வந்த மாதிரி இருக்கட்டும்'ன்னார்."

அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில உன் நம்பரைப் பாத்ததும் சிரிச்சுட்டேன்க்கா. அதுக்குத்தான் நீ கூப்பிடுறேன்னு நெனச்சு."

கணவர் பின்வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. "சொல்லக்கூடாதுன்னுட்டார்," என்றார். "போனை வெச்சதும் ஒரு டம்ளர் பால் கேட்டார். முழுசாக் குடிச்சார். தூக்க மாத்திரை வேணாம்னுட்டார்."

அது அவளுக்குத் தெரியும். டம்ளரை அவள்தான் கழுவினாள். பத்து நாளில் முதல் தடவையாக அவர் இருமாமல் தூங்கினார். விடியும்வரை ஒரு முறைகூட அவளை எழுப்பவில்லை. ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது.

தம்பி முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அப்பாவின் காலடியில் நின்றான். உட்கார்ந்தான். வெகுநேரம் அந்தக் கால்விரல்களையே பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கையை இழுத்து மடியில் வைத்து மருந்து தடவினாள்.

"அக்கா," என்றான் மெதுவாக. "வர்ற வழி பூரா அழணும்னு நெனச்சேன். ஆனா அவர் இனிமே மூச்சுக்கு அல்லாட வேணாம்னுதான் திரும்பத் திரும்பத் தோணுச்சு. நெஞ்சே லேசாயிடுச்சு. தப்பாக்கா?"

அவள் மருந்து டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி கொஞ்சம் எடுத்து, ஏற்கெனவே தடவிய இடத்திலேயே தடவினாள்.

"நானும்தாண்டா," என்றாள்.

தொண்டையில் நின்றிருந்தது இறங்கியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் அவள் மடியிலேயே விட்டுவைத்தான்.

மதியம் தாண்டியதும் வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பினார்கள். மற்றவர்கள் மூன்று மணி வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வீடு என்னவோபோல் இருந்தது. ஏதோ குறைந்தது எல்லோருக்கும் தெரிந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கை கழுவப் பின்பக்கம் போன எதிர்வீட்டு டீச்சர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, அதுவும் போயிடுச்சு! மாஸ்டர் பின்னாலயே போயிடுச்சு!"

அவளும் தம்பியும் பின்வாசலுக்கு ஓடினார்கள். வெயிலில், சேறு படாத புல்லில், வாயாடி பக்கவாட்டில் நீட்டி விழுந்து கிடந்தது. நான்கு காலும் விறைத்தாற்போல நீண்டிருந்தன. கழுத்து தரையோடு தரையாக இருந்தது. தலைமாட்டில் சாமியார் காவல்காரனைப்போல நின்றுகொண்டிருந்தது.

தம்பி உதட்டில் விரலை வைத்தான். "தூங்குது டீச்சர்."

"இப்படியா தூங்கும்? குதிரை நின்னுக்கிட்டுல்ல தூங்கும்?"

"அரைத்தூக்கம்தான் நின்னுக்கிட்டு. அசந்து தூங்கணும்னா படுத்தாகணும். பக்கத்துல முழிச்சிருக்க ஓர் ஆள் இருந்தாத்தான் இப்படி நீட்டிப் படுக்கும்."

"அப்போ இத்தனை நாளும்?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். வாயாடியின் வயிறு மெல்ல ஏறியது, இறங்கியது. கனவிலோ என்னவோ ஒரு முன்னங்கால் லேசாகத் துடித்தது. மூக்கிலிருந்து வந்த காற்றில் ஒரு புல் அசைந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பல் டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அறையில் பேச்சு தானாகத் தாழ்ந்தது. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வைத்தார்கள். கணவர் கொல்லைக்குழாயைச் சொட்டுவிடாமல் இறுக்கினார். மூன்று மணிக்கு வந்த வண்டிக்காரர் வாசலில் ஹாரனை அழுத்தப் போனபோது, டீச்சர் ஓடிப்போய்க் கையைக் காட்டித் தடுத்தார். பிறகு, இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் கிரீச்சிடாதபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திறந்துவிட்டார்.